ஒரு எண்ணுக்குப் பின்னால் பதினொரு பெயர்கள்

கண்ணு,

நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமாக இல்லை. அது என்றைக்கு இருந்தது? ஓசூரில் உங்கள் புது வீட்டுக்கு வந்து பால் காய்ச்சிவிட்டுத் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கடிதமா என்று நீயும் திவ்யாவும் சிரிக்கலாம். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது கடைசியாக ஒன்று கேட்டாய். மாடியில் இருக்கும் வயதான தம்பதி உங்கள் வைஃபையில் தாங்களும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்கிறார்கள், கொடுக்கலாமா அம்மா என்றாய். அடுப்பில் பால் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று நான் வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. அன்று காலையிலேயே கேஸ் தீர்ந்துபோய்ப் பக்கத்து வீட்டு கோமதியிடம்தான் காபி வாங்கிக் குடித்தோம். ஏழு வருஷமாக இப்படி இல்லாத பாலைப் பொங்கவிட்டுக்கொண்டே இருக்கிறேன். இன்றைக்கு முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், நடுவில் போனை எடுத்து நோண்டாமல் படி.

முதலில் நம் வீட்டுப் பழைய போனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நம் தெருவில் போன் இருந்தது நம் வீட்டில் மட்டும்தான். அப்பா பட்டுக்கடை முதலாளிக்குப் புடவை டிசைன் வரைகிறவர். கட்டம் போட்ட தாளில் அவர் மயில் வரைந்து கொடுத்தால்தான் தறியில் மயில் வரும். காஞ்சிபுரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் எந்த நேரமும் அவரைக் கேட்பார்கள் என்று முதலாளியே சிபாரிசு செய்து அந்தப் போனை வாங்கிக் கொடுத்தார். வந்த மறுநாளே தெருவில் ஏழு வீடும் நம் நம்பரைத் தங்கள் நம்பராக எழுதிக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் நம்பர் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடிப்பார்கள். பி.பி. என்றால் போன் எங்களுடையது இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டுவிடுவார்கள் என்று ஊர் முழுக்கத் தெரியும். ஒருத்தரும் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. எனக்கும் கோபம் வரவில்லை. சொல்வதற்கு என்ன, பெருமையாகத்தான் இருந்தது. ஏழு குடும்பத்து நல்லது கெட்டது எல்லாம் முதலில் என் காதில் விழுந்துதான் அவர்களுக்குப் போகும்.

தறி ஓடும்போது வாசலில் நின்று கத்தினால் உள்ளே கேட்காது. அதனால் கோமதி வீட்டுக்கும் நமக்கும் பொதுவான சுவரில் குழவிக்கல்லால் தட்டுவேன். மூன்று தட்டு கோமதிக்கு, இரண்டு தட்டு அவள் வீட்டுக்காரருக்கு. மற்ற வீடுகளுக்கு நடை. மாவு கையோடு ஓடியிருக்கிறேன், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். அந்தச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடம் இன்னும் இருக்கிறது. பெயின்ட் அடிக்க வந்தவர் பூசிவிடட்டுமா என்று கேட்டார், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதைப் பார்த்தால் எனக்கு அந்த நாட்கள் அப்படியே திரும்பி வரும். போன் மணி அடித்தவுடன் நீ என்னை முந்திக்கொண்டு தவழ்ந்து போய் ஒயரை இழுப்பாய். போனில் நீ பேசிய முதல் வார்த்தை அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, 'இருங்க' என்பதுதான். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டாய்.

சரவணன் கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன், திவ்யாவுக்காக இன்னொரு தடவை. நம் தெருவில் இரண்டு சரவணன்கள். ஒருவன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், இன்னொருவன் சைக்கிள் கடை. ஒருநாள் வந்தவாசியிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்து, சரவணனை வியாழக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லுங்கள் என்றார். நான் அப்போதுதான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் கடை சரவணன் போய்க்கொண்டிருந்தான், அவனிடமே சொல்லிவிட்டேன். அவனும் ஒரு கேள்வி கேட்காமல் புதுச் சட்டை போட்டு, வந்தவாசி பஸ் ஏறி, கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, பெண்ணையும் பார்த்துவிட்டான். அப்புறம்தான் சங்கத்தில் எவ்வளவு வருஷம் சர்வீஸ் என்று கேட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நம்பர் ஒன்றுதானே. அதற்குப் பின்னால் எத்தனை சரவணன் என்று எனக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து யார் போன் செய்தாலும் என் வாயில் முதலில் வருவது, எந்தச் சரவணன்? பெண்ணைக் கேட்டாலும் எந்தச் சரவணன் என்றுதான் கேட்பேன் என்று அப்பா கேலி செய்வார்.

அப்புறம் எல்லோர் கையிலும் செல்போன் வந்தது, என் உத்தியோகம் போயிற்று. உண்மையைச் சொன்னால், அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒருத்தரும் வாசலுக்கு வருவதில்லை. நீ வேலூரில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது அப்பா தாளை விட்டுவிட்டு கம்ப்யூட்டரில் டிசைன் போட ஆரம்பித்தார், அதற்காக வீட்டுக்கு இன்டர்நெட் வந்தது. கொம்பு வைத்த கறுப்புப் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள், பழைய போன் இருந்த அதே இடத்தில். ஒரு ஒயர்தானே வருகிறது, அப்பா கம்ப்யூட்டரும் உன் லேப்டாப்பும் என் போனும் எப்படி ஒன்றாக ஓடுகின்றன, அவர் கேட்டது எனக்கு வந்துவிடாதா என்று நான் உன்னைப் பிடுங்கினேன். கண்ணமங்கலம் தாண்டி ஆரணி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு உனக்கு. ஆனாலும் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“நீ பி.பி. போன் பாத்துகினு இருந்த இல்லம்மா, அதே வேலைதான். வெளிய நம்ம வீட்டுக்கு ஒரே நம்பர். உள்ள ஆளுக்கு ஒரு நம்பர். யார் எதைக் கேட்டாங்கன்னு இந்தப் பெட்டி ஞாபகம் வெச்சிகினு, பதில் வந்தா அவங்களுக்குத் தட்டி விடும். பெட்டிக்குள்ள நீதான் உக்காந்துகினு இருக்கிற.”

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! அப்புறம் ஒரு தாளில் எழுதியும் காட்டினாய். வெளி எண்ணைக் கம்பெனிக்காரன் கொடுக்கிறான், ஐ.பி. அட்ரஸ் என்று பேர். உலகத்தில் யார் பார்த்தாலும் அதுதான் தெரியும். பெட்டியை அணைத்துப் போட்டால் அது சில சமயம் மாறியும் போகும், அதனால் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது, எந்தத் தேதி எந்த நேரம் என்றும் வேண்டும். உள் எண்களைப் பெட்டியே கொடுக்கிறது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு என்று ஆரம்பிக்கும். அப்பா கம்ப்யூட்டருக்கு இரண்டு, உனக்கு ஐந்து, எனக்கு ஆறு. அதே எண்கள் எதிர்வீட்டிலும் இருக்கலாம், ஓசூரிலும் இருக்கலாம், ஒன்றும் குழப்பம் இல்லை, ஏனென்றால் அது வாசலைத் தாண்டிப் போவதே இல்லை. எல்லாத் தெருவிலும் மூன்றாம் வீடு என்று ஒன்று இருக்கிற மாதிரி. வைஃபைக்குப் பேர் வைக்கச் சொன்னதும் 'பிபி வீடு' என்று வைத்துவிட்டுச் சிரித்தாய். பாஸ்வேர்டை என் காதில் சொல்லிவிட்டு, யாருக்கும் கொடுக்காதே, யார் எதைச் செய்தாலும் வெளியே நம் எண்தான் தெரியும் என்றாய். அப்பா அதைவிடக் கண்டிப்பாகச் சொன்னார். முதலாளியின் டிசைன் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. சாமி படத்துக்கு முன்னால் நின்று, கொடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

சத்தியம் ஒரு மாதம் தாங்கியது. கோமதியின் மகளுக்குப் பாடம் போனில் வருகிறது என்றாள், கொடுத்தேன். அப்புறம் கோமதிக்கே கொடுத்தேன். எதிர்வீட்டு டீச்சர் கேட்டார், படித்தவர் கேட்டால் எப்படி மறுப்பது? அப்புறம் டீச்சரின் வீட்டுக்காரர். பால்காரருக்குக்கூடக் கொடுத்தேன் கண்ணு. இரண்டு நிமிஷம் வாசலில் நின்று பால் ஊற்றுகிற மனிதருக்கு எதற்கு வைஃபை? அதெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. மறுபடியும் என் வாசலுக்கு ஆட்கள் வந்தார்கள், அக்கா அக்கா என்றார்கள், நான் குளிர்ந்துபோனேன். உனக்கும் அப்பாவுக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆடி மாதம் கோமதியின் தம்பி வந்து பதினைந்து நாள் தங்கினான். நம் முதலாளி கடையில் விற்பனையில் இருந்தவன், வாடிக்கையாளரிடம் மரியாதை இல்லாமல் பேசினான் என்று நிறுத்திவிட்டார்கள். அக்கா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து நாளெல்லாம் போன். அவனுக்கும் நான்தான் பாஸ்வேர்டு சொன்னேன். ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் மத்தியானம் நான் துணி எடுக்கப் போனபோது என்னைப் பார்த்துச் சிரித்து, உங்கள் முதலாளிக்கு இன்றைக்கு ஒரு பூஜை போட்டிருக்கிறேன் அக்கா என்றான். ஏதோ வாய்க்கொழுப்பு என்று வந்துவிட்டேன். அவன் போட்ட பூஜை இதுதான்: ஒரு பொய்ப் பேரில், இந்தக் கடையில் பட்டு என்று பாலியஸ்டரைக் கலந்து விற்கிறார்கள், என் கண்ணால் பார்த்தேன் என்று கடையின் இன்டர்நெட் பக்கத்தில் எழுதிவிட்டான். ஆரணியில் ஒரு பட்டுக்கடையை அதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. முதலாளி மூன்று நாள் கடை வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் புடவை முந்தியிலிருந்து ஒரு இழையை உருவிப் பற்றவைத்து, முகர்ந்து பாருங்கள், முடி எரிகிற நாற்றம் வருகிறதா, இது பட்டு என்று காட்டினாராம். அறுபது வயது மனிதர். அப்பாதான் வீட்டுக்கு வந்து சொன்னார்.

புகார் கொடுத்து, ஆவணி கடைசியில் ஒரு காலை வேளையில் ஏட்டு ஒருவர் நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தாள். அதில் ஒரு எண், தேதி, நேரம். அந்த நேரத்தில் அந்த எண் நம் பெட்டிக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை நீ ஒருவன். ஆடிக் கிருத்திகைக்கு வந்த நீ அந்தத் தேதியில் வீட்டில்தான் இருந்தாய். அதற்குப் பத்து நாள் முன்னால்தான் நீ கடைக்குப் போய், கரை நிறத்துக்காக அப்பாவை எல்லோர் எதிரிலும் நிற்கவைத்துத் திட்டிய முதலாளியை எதிர்த்துப் பேசிவிட்டு வந்திருந்தாய். எல்லாம் பொருந்திவிட்டது. நீ பதறவில்லை. நின்று நிதானமாகச் சொன்னாய்.

“சார், இது வீட்டோட நம்பர் சார். ஆளோட நம்பர் இல்ல. இந்த வைஃபைல யார் பண்ணாலும் வெளிய இதான் தெரியும்.”

“அப்ப வேற யார் பண்ணாங்கன்னு நீயே சொல்லிடு தம்பி, எங்களுக்கும் பேஜார் இல்ல” என்றார் ஏட்டு.

நீ ஒரு தடவை சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாய். நான் அங்கே புளி கரைத்துக்கொண்டிருந்தேன். தேதியையும் நேரத்தையும் கேட்ட அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, யார் என்று. புளி எப்போதோ கரைந்துவிட்டது, நான் சக்கையைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நீ திரும்பி, தெரியவில்லை சார் என்றாய். அப்பா உன்னை அடித்தார். இருபது வயதுப் பிள்ளையை, ஒரு வெளியாள் எதிரில். ஏன் நான் வாயைத் திறக்கவில்லை என்று ஏழு வருஷமாக எனக்கு நானே பல காரணம் சொல்லியிருக்கிறேன். கோமதி மகளுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள், அவள் தம்பி பேர் கெட்டால் அது கலைந்துவிடும் என்று ஒரு காரணம். அப்பாவின் கோபம் என்று ஒரு காரணம். இரண்டும் பொய் இல்லை, ஆனால் அதெல்லாம் அப்புறம் நானாகச் சேர்த்துக்கொண்டது. சாமி எதிரில் செய்த சத்தியத்தை மீறி ஊருக்கெல்லாம் பாஸ்வேர்டு கொடுத்தவள் நான் என்று என் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். அந்த வெட்கத்தைக் காப்பாற்ற உன்னைக் கொடுத்துவிட்டேன். சின்னப் பிள்ளைதானே, திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க எந்தச் சரவணன், எந்தச் சரவணன் என்று கேட்டவள், கேட்க வேண்டிய ஒரு நாளில் கேட்காமல் இருந்துவிட்டேன்.

மறுநாள் முதலாளி கடையில் பேசி முடித்தார்கள். வழக்கு வேண்டாம், பையன் தன் கைப்பட மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் போதும், அப்பா வேலையில் இருக்கலாம் என்றார்களாம். 'நான்தான் எழுதினேன், தவறு, மன்னிக்கவும்' என்று எழுதி நீ கையெழுத்துப் போட்டாய். வீட்டுக்கு வந்து சாப்பிட்டாய். இரண்டாம் தடவை ரசம்கூடக் கேட்டாய். நான் ரசத்தை ஊற்றினேன். படிப்பு முடிந்ததும் போய்விட்டாய். தீபாவளிக்கு வருவாய், பையைப் பிரிக்காமல் கட்டிலடியில் வைப்பாய், இரண்டாம் நாள் அதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய். ஒருநாளும் ஒரு வார்த்தை நீ கேட்டதில்லை. அந்தத் தம்பிக்காரனும் அப்புறம் இந்தத் தெருப் பக்கமே வரவில்லை. பிள்ளை மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

போன மாதம், உங்கள் வீட்டில் பால் காய்ச்சிவிட்டு வந்த வாரம், அந்தக் கறுப்புப் பெட்டி அடிக்கடி நின்றுபோகிறது என்று புதுசு மாற்ற லைன்காரர் வந்தார். பழைய பெட்டியில் இருப்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று தன் போனில் அதைத் திறந்தவர், சிரிக்க ஆரம்பித்தார். “இன்னாம்மா, பெட்டிக்குள்ள தெருவையே வெச்சிகினு இருக்கீங்க?” என்று போனை என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு போனுக்கும் ஒரு உள் எண்ணை நிரந்தரமாகக் கட்டி, பக்கத்தில் பேர் எழுதியிருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அப்பா கம்ப்யூட்டர். அப்பா போன். என் லேப்டாப். என் போன். அம்மா. கோமதி அக்கா. கோமதி அக்கா பொண்ணு. டீச்சர். டீச்சர் வீட்டுக்காரர். பால்காரர். கடைசியில், பதினொன்றாவதாக, கோமதி அக்கா தம்பி.

இதெல்லாம் தானாக எழுதிக்கொள்ளுமா என்று கேட்டேன். இல்லை, யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினால்தான் உண்டு என்றார் அவர். நான் அந்தப் பட்டியலை மறுபடியும் மேலிருந்து படித்தேன். அந்த ஆள் நம் தெருவில் இருந்ததே அந்தப் பதினைந்து நாள்தான். அப்படியென்றால் ஏட்டு வருவதற்கு முன்பே உனக்குத் தெரியும். நான் யார் யாருக்குக் கொடுத்தேன் என்று ஒன்று விடாமல் தெரியும். தெரிந்தும் ஒருத்தரையும் நீ வெட்டிவிடவில்லை, என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் பி.பி. போனுக்கு நோட்டு வைத்திருந்த மாதிரி நீ பேர் எழுதி வைத்துவிட்டு இருந்துவிட்டாய். அன்று சமையலறைப் பக்கம் திரும்பினாயே, நான் சொல்கிறேனா என்றுதானே பார்த்தாய்?

அதற்கப்புறமும் இரண்டு மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். உன் ஞாயிற்றுக்கிழமைக் கேள்விதான் என்னைக் குத்திக் கிளப்பியது. திங்கட்கிழமை அப்பாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. வெகு நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். “ஒரு வருஷம் அவனைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடலியே நானு” என்றார். செவ்வாய்க்கிழமை கோமதியிடம் சொன்னேன். அவள் மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். உன் மகள் கல்யாணத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா நானே அவனை இழுத்துகினு போயி கடையில நிறுத்தியிருப்பேனே அக்கா. எம் பொண்ணு பேரைச் சொல்லி உம் புள்ளைய ஏன் அடி வாங்க வெச்ச?”

அவள் அழுதாள், நானும் அழுதேன். புதன்கிழமை காலை தனியாகக் கடைக்குப் போனேன். அப்பா வரவில்லை, நான் வந்தால் நீ பேச மாட்டாய், என்னைப் பேசவிட்டுவிடுவாய் என்றார். என்னை அவருக்குத் தெரியும். முதலாளிக்கு இப்போது காது மந்தம், அதனால் என் குற்றத்தை நான் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. புடவை பார்க்க வந்த நான்கு பேர், மடித்துக்கொண்டிருந்த பெண்கள், எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும். உன்னைக் கையெழுத்துப் போட வைத்தபோதும் அங்கே ஆட்கள் இருந்தார்கள் அல்லவா? முதலாளி எழுந்து பீரோவைத் திறந்து வெகுநேரம் தேடினார். அந்தத் தாளை எடுத்துத் தூசி தட்டி என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

“உம் புள்ள இதுல கையெழுத்து போடறதுக்கு முன்ன ஒன்னே ஒன்னு கேட்டாம்மா. எங்கம்மாவை இதைப் பத்தி யாரும் எதுவும் கேக்கக்கூடாதுங்க, அப்டின்னா போடறேன்னான். ஏன்னு எனக்கு இன்னிக்குத்தான் புரியுது.”

கண்ணு, இதற்கு நான் என்ன எழுதுவது? உன்னைவிட முப்பது வயது பெரியவள். நீ எனக்குத் தாயாக இருந்திருக்கிறாய், நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட நாக்கு கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். அப்பா உனக்குப் போன் செய்வார், முதலாளியும் உன்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமாம். எடுத்துப் பேசு. பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே, அதுவும் உன் இஷ்டம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். மாடி வீட்டுக்காரர்களுக்குக் கொடு. வயதானவர்கள், பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்கத்தான் கேட்பார்கள். நான் செய்த தப்பு கொடுத்தது இல்லை, கொடுத்ததை மறைத்தது. இப்போது வரும் பெட்டிகளில் விருந்தாளிக்கென்று தனியாக ஒரு வைஃபை வைக்கலாமாம், வேறு பேர், வேறு பாஸ்வேர்டு, அதில் வருகிறவர்கள் உங்கள் போன்களையும் லேப்டாப்பையும் எட்டிப் பார்க்க முடியாது என்று லைன்காரர் சொன்னார். உனக்குத் தெரியாததா, ஆனாலும் அம்மா என்றால் சொல்லத்தான் செய்வாள். ஆனால் ஒன்று, எத்தனை வாசல் வைத்தாலும் வெளியே தெரிகிற எண் ஒன்றுதான், அது உன் பேரில்தான் இருக்கும். கொடுக்கும்போது திவ்யாவுக்குத் தெரிந்து கொடு. பேர் எழுதி வை. நாளைக்கு யாராவது ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்து உன் வாசலில் நின்றால், உன் வீட்டுப் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால், நான் இன்னின்னாருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று முதலில் நீ சொல். வாய் வராது. நான் சொல்கிறேன், வரவே வராது. ஆனாலும் சொல். அந்த ஒரு நிமிஷம் கழிந்துவிட்டால் அப்புறம் ஏழு வருஷம் ஆகிவிடுகிறது.

அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். கிழித்துப் போடலாமா என்று அப்பா கேட்டார், நான் விடவில்லை. கையெழுத்து உன்னுடையது, கிழிப்பதோ வைத்துக்கொள்வதோ நீ செய்ய வேண்டியது. புதுப் பெட்டிக்கும் 'பிபி வீடு' என்றே பேர் போடச் சொல்லிவிட்டேன், பாஸ்வேர்டும் பழையதுதான். லைன்காரரை மறுபடியும் வரவழைத்து, பட்டியலில் பத்துப் பேரை அப்படியே ஏற்றச் சொன்னேன், இந்தத் தடவை அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. பால்காரர்கூட இருக்கிறார். பதினொன்றாவதை மட்டும் விட்டுவிட்டோம். உன் ஐந்தாம் எண்ணை வேறு யாருக்கும் போகாமல் காலியாக ஒதுக்கி வைத்திருக்கிறார் லைன்காரர். உன் புதுப் போனை அதில் கட்ட வேண்டுமானால் போன் இங்கே இருக்க வேண்டுமாம். பொங்கலுக்கு திவ்யாவோடு வா. வந்து நீயே கட்டிக்கொள். பையை வைக்க பீரோவில் ஒரு தட்டு காலி செய்திருக்கிறேன்.

அம்மா